பேரண்டத்தில் 10^80 அணு என்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

ராணிப்பேட்டை அக்கவுண்ட்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. இயற்பியலில் அளவீடு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. "நம்ம கண்ணுக்கு எட்டுற பேரண்டத்துல மொத்தம் 10^80 அணு இருக்காம். யாரும்மா எண்ணினாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் எண்ணை மட்டும் போட்டிருக்கிறார்கள், வழியைப் போடவில்லை.

எங்கள் வேலையில் தோலைச் சதுர அடியில் அளப்போம். ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் கால் அடி வரைக்கும் எழுதியிருக்கும். பேக்கிங் லிஸ்ட்டுக்கும் பில்லுக்கும் நடுவில் அந்தக் கால் அடி இடித்தால்கூட, எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கண்டெய்னர் கிளம்பும். அப்படிப் பழகிய எனக்கு 10^80 என்று முழுசாக ஒரு எண்ணைச் சொல்வது உறுத்துகிறது. 10^79 ஆக இருந்தால் பத்தில் ஒரு பங்குதானே? அவ்வளவு பெரிய வித்தியாசத்தை விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்?

இன்னொன்று. தேடும்போது 10^(10^123) என்று ஒரு எண் கண்ணில் பட்டது. அது நிஜமாகவே இயற்பியலில் பயன்படுகிறதா?

வாலாஜா வாசகர் எழுதியது:

எண்ணிச் சொன்னவர் என்று ஒருவரைக் காட்ட முடியும்: இங்கிலாந்து வானியலாளர் ஆர்தர் எடிங்டன். பேரண்டத்தில் உள்ள புரோட்டான்கள் 136 × 2^256 என்றார். அதாவது சுமார் 1.57 × 10^79. எலக்ட்ரான்களும் அதே அளவு. தோராயமாகச் சொன்னதல்ல அது. 80 இலக்கங்களையும் எழுதினார், கடைசி மூன்று இலக்கம் 296. தொலைநோக்கியில் பார்த்துக் கிடைத்ததில்லை, கோட்பாட்டை வைத்தே வந்துவிட்டதாக நம்பினார். 136, பிறகு 137 என்று அவர் எடுத்துக்கொண்டது நுண்கட்டமைப்பு மாறிலியின் (மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் எண்) தலைகீழ். அது முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். அளந்து பார்த்தால் 137.036 வருகிறது. அதோடு அந்த வாதம் நின்றுபோனது.

சரி, நான் கேட்க வந்தது வேறு. நம் புராணக் கணக்கில் பிரம்மாவின் ஆயுள் 311 லட்சம் கோடி வருஷம். இன்றைய விஞ்ஞானிகள் சொல்லும் பெரிய காலங்களோடு இது எங்கே நிற்கும்? தெரிந்தவர்கள் சொன்னால் சந்தோஷம்.

காட்பாடி வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தக் கேள்விதான் அந்தப் பாடத்தின் உயிர். கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளை இதைப் போட வைப்பேன். ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு.

முதலில் பாலாற்றில் ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டுக்குள் பாலாறு 222 கிலோமீட்டர். அகலம் சராசரியாக அரை கிலோமீட்டர், மணல் பத்தடி ஆழம், அதாவது மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதை எல்லாம் திருப்பிக் கொட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். பெருக்கினால் சுமார் 33 கோடி கன மீட்டர். ஒரு மணல் மணி அரை மில்லிமீட்டர் என்றால் ஒரு கன மில்லிமீட்டரில் எட்டு மணி, ஒரு கன மீட்டரில் 800 கோடி. ஆக மொத்தம் சுமார் 3 × 10^18 மணி. இதில் அகலம் அரை கிலோமீட்டரா, முக்கால் கிலோமீட்டரா என்று சண்டை போடலாம். எப்படிப் போட்டாலும் விடை 10^18-க்கும் 10^19-க்கும் பக்கத்தில்தான் நிற்கும். இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரை எடுங்கள். 0.05 மில்லிலிட்டர். 18 கிராம் தண்ணீரில் 6 × 10^23 மூலக்கூறு, எனவே சொட்டில் 1.7 × 10^21. பாலாற்று மணல் மொத்தத்தைப் போல அறுநூறு மடங்கு அந்த ஒரு சொட்டில் இருக்கிறது. நம் அகல, ஆழ ஊகத்தில் இரண்டு மூன்று மடங்கு பிசகியிருந்தாலும் "சொட்டுதான் பெரிது" என்ற முடிவு அசையாது.

உங்கள் உறுத்தலுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. நீங்கள் போடுவது கூட்டல் கணக்கு. அங்கே பிழை கால் அடி, அரை அடி என்று வரும். இது பெருக்கல் கணக்கு. இங்கே பிழை "எத்தனை மடங்கு" என்றுதான் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு அந்த மடங்கு பாதகமா இல்லையா என்று பார்க்கவேண்டும்.

இனி பேரண்டம். பார்வைக்கு எட்டும் பகுதியின் ஆரம் 4,650 கோடி ஒளியாண்டு. (வயது 1,380 கோடி வருஷம்தானே என்று மகள் கேட்பாள். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளி விரிந்துகொண்டே போனது, அதனால் அந்த இடங்கள் இன்று அவ்வளவு தள்ளி நிற்கின்றன.) மீட்டரில் 4.4 × 10^26. கோளத்தின் கன அளவு 3.6 × 10^80 கன மீட்டர்.

அடுத்து, ஒரு கன மீட்டரில் எத்தனை புரோட்டான், நியூட்ரான் என்று தெரியவேண்டும். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.725 கெல்வின். 1989-இல் ஏவிய கோபே செயற்கைக்கோள் அதை மிகத் துல்லியமாக அளந்தது. வெப்பநிலை தெரிந்தால் போட்டான் (ஒளித் துகள்) எண்ணிக்கை தானாக வந்துவிடும்: ஒரு கன சென்டிமீட்டரில் 411. பிறகு, ஒரு போட்டானுக்கு எத்தனை புரோட்டான், நியூட்ரான் என்ற விகிதம். பேரண்டத்தின் முதல் சில நிமிடங்களில் உருவான டியூட்டீரியத்தில் (கனமான ஹைட்ரஜன்) எவ்வளவு மிஞ்சியது என்பது இந்த விகிதத்தைப் பொறுத்தது. பழைய வாயு மேகங்களில் டியூட்டீரியத்தை அளந்தால் விகிதம் சுமார் 6 × 10^-10 வருகிறது. நுண்ணலைப் பின்னணியில் உள்ள ஏற்ற இறக்கங்களை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததிலிருந்தும் அதே விகிதம்தான் வருகிறது. ஒன்று முதல் சில நிமிடங்களில் நடந்த கதை, மற்றது 3,80,000 வருஷம் கழித்து நடந்தது. இரண்டும் ஒத்துப்போகின்றன. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

411-ஐ அந்த விகிதத்தால் பெருக்கினால் நாலு கன மீட்டருக்கு ஒன்று வரும். 3.6 × 10^80-ஐ நாலால் வகுத்தால் 9 × 10^79. அதைத்தான் 10^80 என்கிறோம். (எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம் என்பதால் அணுக்கள் என்று எண்ணினாலும் பெரிய மாற்றம் இல்லை.) இதில் உள்ள உண்மையான பிழை சில சதவீதம்தான். சுற்றி எழுதுவது வசதிக்காக.

நம்பிக்கை வரவில்லை என்றால் வேறு வழியாகவும் வரலாம். 2004-இல் ஹபிள் தொலைநோக்கி வானத்தில் ஒரு சின்னத் துண்டை நீண்ட நேரம் படம் பிடித்தது. அதில் சுமார் 10,000 விண்மீன் மண்டலங்கள். அப்படிப்பட்ட துண்டுகள் முழு வானத்துக்கும் ஒரு கோடியே முப்பது லட்சம் வேண்டும். பெருக்கினால் 10^11 மண்டலம். ஒவ்வொன்றிலும் 10^11 நட்சத்திரம் போடுங்கள். சூரியனில் 1.2 × 10^57 புரோட்டான், நியூட்ரான். எல்லாம் சேர்ந்து 10^79. சாதாரணப் பொருளில் நட்சத்திரமாக ஆனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதி வாயு. அதையும் சேர்த்தால் மறுபடி 10^80 பக்கம் வந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் இதில் சேரவில்லை. எடையில் அது ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் எந்தத் துகள் என்றே தெரியாததை எண்ண முடியாது.

வாலாஜா நண்பருக்கு: பிரம்மாவின் ஆயுளைப் பிரித்துப் பாருங்கள். கலியுகம் 4,32,000 வருஷம். அதைப்போல் பத்து மடங்கு ஒரு மகாயுகம். ஆயிரம் மகாயுகம் ஒரு பகல், அதே அளவு இரவு. 360 நாள், 100 வருஷம். மொத்தம் 3.11 × 10^14. நமக்குத் தெரிந்த பேரண்ட வயதைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல். அந்தக் காலத்தில் இவ்வளவு நீண்ட காலத்தைத் துணிந்து நினைத்தது பெரிய விஷயம். ஆனால் சூரியன் எடையுள்ள ஒரு கருந்துளை ஹாக்கிங் கதிர்வீச்சால் (கருந்துளையிலிருந்து மெல்லக் கசியும் கதிர்வீச்சு) கரைந்து தீர 2 × 10^67 வருஷம் ஆகும். எடை பத்து மடங்கானால் காலம் ஆயிரம் மடங்காகும். நம் பால்வழி மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளைக்கு 10^87 வருஷம் வேண்டும். அங்கே 14-வது அடுக்கு, இங்கே 87.

ராணிப்பேட்டை அக்கவுண்ட்ஸ் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. நானும் மகளும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தோம், வந்தது. அவள் ஆரத்தை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துவதைப் பார்த்துவிட்டு, "ஆரத்துல ரெண்டு மடங்கு தப்புன்னா விடையில எட்டு மடங்கு தப்பாயிடுமே" என்றாள். அது சரிதானே? அப்புறம் அந்த 10^(10^123)?

காட்பாடி வாத்தியார் எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் தூரத்தை அளப்பதற்கு வானியலாளர்கள் அவ்வளவு பாடுபடுகிறார்கள். எந்தக் காரணி எந்த அடுக்கில் வருகிறது என்று முதலில் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

10^(10^123) விளையாட்டுக்காகச் சொன்ன எண் இல்லை. இங்கிலாந்து இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் சொன்னது, ஒரு நியாயமான கேள்விக்கு விடை. ஆனால் வேறு ஜாதிக் கணக்கு. பொருள்களை எண்ணினால் இவ்வளவு பெரிய எண் வரவே வராது. பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணினால்தான் வரும்.

ஒரு கன மீட்டர் பெட்டியில் நாம் மூச்சுவிடும் காற்றை அடையுங்கள். 2.5 × 10^25 மூலக்கூறு. ஒவ்வொன்றும் இடது பாதியில் இருக்கலாம் அல்லது வலது பாதியில் இருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டுக்கு நாலு, மூன்றுக்கு எட்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டை அத்தனை முறை பெருக்கவேண்டும். பத்தின் அடுக்காக மாற்றினால் 10^(7.5 × 10^24). அதில் ஒரே ஒரு விதத்தில்தான் காற்று முழுவதும் இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் வெறுமையாக இருக்கும். அப்படி நடப்பதை யாரும் பார்த்ததில்லை என்பதற்குக் காரணம் இந்த எண்தான். என்ட்ரோபி என்று பாடத்தில் வருவது இந்த விதங்களின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்தது. அதாவது மேலே நிற்கிற அடுக்கு.

இப்போது பேரண்டத்துக்கு வருவோம். ஒரே எடைக்கு அதிகபட்ச என்ட்ரோபி உள்ள பொருள் கருந்துளை. பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் இருவரும் 1970-களில் கண்டது இது: கருந்துளையின் என்ட்ரோபி அதன் பரப்பளவைப் பொறுத்தது, எனவே எடையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சூரியன் எடைக்கு 10^77. நம் மண்டலத்தின் நடுவில் உள்ளது 40 லட்சம் சூரியன் எடை. வர்க்கப்படுத்திப் பெருக்கினால் 10^90-ஐத் தாண்டும். பார்வைக்கு எட்டும் பேரண்டத்தின் நுண்ணலைப் போட்டான்கள் அத்தனைக்கும் சேர்த்து 5 × 10^89. ஒரே ஒரு கருந்துளை அதை முந்திவிடுகிறது.

நேற்றுக் கிடைத்த 10^80-ஐ ஒரே கருந்துளையாக ஆக்கினால்? சூரியனின் 1.2 × 10^57-ஆல் வகுத்தால் 8 × 10^22 சூரியன் எடை. வர்க்கம் 7 × 10^45 பக்கம். 10^77-ஆல் பெருக்கினால் 10^123 கிட்ட வருகிறது. இது என்ட்ரோபி, அதாவது அடுக்கு. விதங்களின் எண்ணிக்கை 10^(10^123). பேரண்டம் ஆரம்பத்தில் இருந்த ஒழுங்கான நிலை, இருந்திருக்கக்கூடிய இத்தனை நிலைகளில் எவ்வளவு அரிது என்று காட்டத்தான் பென்ரோஸ் இதைப் போட்டார்.

உங்கள் பிழைக் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த எண்ணை 10^80-ஆல் பெருக்குங்கள். அடுக்கில் 80 கூடும்: 10^123 + 80. ஒன்றுமே ஆகவில்லை. இந்த அளவில் ஒரு காலத்தைச் சொல்லும்போது வினாடியில் சொன்னீர்களா வருஷத்தில் சொன்னீர்களா என்று கேட்பதற்கே அர்த்தமில்லை. ஒரு வருஷத்தில் 3 கோடி வினாடிதான், அடுக்கில் ஏழரை கூடும். ஆனால் புரோட்டான் எண்ணிக்கையில் பத்து மடங்கு தப்பு செய்திருந்தால், வர்க்கம் என்பதால் என்ட்ரோபி நூறு மடங்கு மாறும். 10^(10^123) போய் 10^(10^125) ஆகிவிடும். முதல் எண்ணைத் தன்னோடு தானே நூறு முறை பெருக்கினால் வருவது அது.

ஆலங்காயம் மாணவன் எழுதியது:

சார், ஊருக்கு மேலே காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன், இப்போது எம்.எஸ்சி. இயற்பியல். ஒரு சந்தேகம். வெற்றிட ஆற்றலில் (ஒன்றுமில்லாத வெளிக்கே உள்ள ஆற்றல்) கணக்குக்கும் அளவுக்கும் 10^120 மடங்கு வித்தியாசம் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். மடங்குப் பிழை பரவாயில்லை என்கிற உங்கள் வழியில் இதை எப்படி எடுத்துக்கொள்வது?

காட்பாடி வாத்தியார் எழுதியது:

தம்பி, பரவாயில்லை என்று நான் சொன்னது, பிழை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த இடத்தில். இது அப்படி இல்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். அடிப்படை மாறிலிகளை மட்டும் வைத்து வரும் அலகுகளை எடுங்கள்: பிளாங்க் நிறை 2.2 × 10^-8 கிலோ, பிளாங்க் நீளம் 1.6 × 10^-35 மீட்டர். அந்த நீளத்தின் கனத்துக்கு ஒரு பிளாங்க் நிறை என்றால் அடர்த்தி 5 × 10^96 கிலோ, ஒரு கன மீட்டருக்கு. பேரண்டம் முடுக்கத்தோடு விரிகிறது என்று 1998-இல் சூப்பர்நோவாக்களை வைத்துத் தெரிந்தது. அதிலிருந்து வெற்றிட ஆற்றலுக்குக் கிடைக்கும் அடர்த்தி 6 × 10^-27. வித்தியாசம் 10^123 வரை போகிறது. வகுப்பில் சொன்ன 120 இதைத்தான்.

பிளாங்க் அளவு வரை ஏன் போகவேண்டும், ஜெனீவாவில் துகள்மோதியில் சோதித்த ஆற்றலோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றால், ஆற்றல் நான்காம் அடுக்காக வருவதால் வித்தியாசம் பாதியாகக் குறையும். அப்போதும் 60 சொச்சம் அடுக்கு மிச்சம் நிற்கும். அங்கே கையை வைத்துச் சரிசெய்ய ஒரு காரணியும் இல்லை. கோட்பாட்டில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயதில் இருப்பவர்கள் போய் உட்காரவேண்டிய இடம் அது.

ராணிப்பேட்டை அம்மாவின் மகளுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டுப் போகிறேன், நீங்களும் போடுங்கள். குறுக்கப்பட்ட பிளாங்க் மாறிலி 1.05 × 10^-34, ஒளியின் வேகம் 3 × 10^8. இரண்டையும் பெருக்குங்கள். ஈர்ப்பு மாறிலி 6.67 × 10^-11-ஐப் புரோட்டான் நிறை 1.67 × 10^-27-இன் வர்க்கத்தால் பெருக்கி, முதல் விடையை இதால் வகுங்கள். அலகுகள் எல்லாம் அடிபட்டு 1.7 × 10^38 என்ற வெறும் எண் நிற்கும். அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்துங்கள்: எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். 2 × 10^57 வரும். மேலே சூரியனுக்குப் போட்ட எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் ஏன் இந்த அளவில் இருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. முன்னால் ஒரு சின்ன எண் சேர்ந்தால் அதுவே சந்திரசேகர் எல்லை (எரிந்து தீர்ந்த நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிற்கக்கூடிய அதிகபட்ச எடை), சூரியனைப்போல் 1.4 மடங்கு. சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசியவர், வாலாஜா நண்பர் சொன்ன அதே எடிங்டன்.